குடியாத்தம் போலோவின் பின் ஆர்ச்: லிப் மடக்கியதும் 8 மி.மீ. இழுத்ததும், ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ, ஐந்து கதவு, கருநீல நிறம், குடியாத்தத்துத் தம்பி ஒருவருடையது. கம்பெனி கொடுத்த 15 இன்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 16 இன்ச்சில் 7 ஜே அகலம் (ரிம் 7 இன்ச் அகலம்), ஈ.டி. 30 ஆஃப்செட் (ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 30 மி.மீ. வெளியே) உள்ள அலாய் வாங்கி, 205/50 ஆர்16 டயர் ஏற்றி, கூடவே வண்டியை 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும் மாட்டியிருந்தார். தனியாக ஓட்டும்போது ஒரு சத்தமும் இல்லை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து கே.வி.குப்பம் வழியாகக் காட்பாடி வரும் சாலையில் வேகத்தடைகளை ஏறி இறங்கினால் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ரப்பர் வாசனை. எங்கள் பட்டறைக்கு வரும்போது இரண்டு பின் டயரின் வெளித் தோள்பட்டையிலும் சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. இடது டயரில் அந்தக் கோடு விரல் நகம் இறங்கும் ஆழம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. இங்கே வருவதற்கு முன்பே வேறு ஒரு இடத்தில் இடது பின் ஆர்ச்சை, அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் தகட்டை, 'சரி செய்து' கொடுத்திருக்கிறார்கள். டயருக்கும் லிப்புக்கும் (ஆர்ச்சின் ஓரத்தில் உள்பக்கமாக மடிந்து நிற்கும் விளிம்பு) நடுவில் இரும்புக் குழாயைச் செருகி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, சூடு எதுவும் கொடுக்காமல் நசுக்கிய வேலை. ஆர்ச்சின் ஓரத்தில் மூன்று இடத்தில் புடைப்பு, கிளியர் கோட்டில் (பெயிண்டின் மேல் உள்ள நிறமில்லாப் பூச்சு) மயிரிழை மாதிரி வெடிப்பு, உள்பக்கம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) பிளந்து அதன் வழியே ஒரு மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கி, ஸ்பாட் வெல்டு ஓரத்தில் பழுப்பு நிறக் கசிவு. ஆக ஒரே வண்டியில் மூன்று நிலைமை: கெடுத்து வைத்த இடது பின்பக்கம், இன்னும் யாரும் தொடாத வலது பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் இரண்டும். இந்த வேலையை விரிவாக எழுதுவதற்குக் காரணமே அதுதான். ஒரே தகடு, ஒரே டயர், செய்கிற முறை மட்டும் வேறானால் என்ன ஆகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் கணக்கு. இதைப் போடாமல் சுத்தியலைத் தொடக் கூடாது என்பது என் பிடிவாதம். போலோவின் பழைய சக்கரம் 6 ஜே, ஈ.டி. 38. ஆறு இன்ச்சில் பாதி 76.2 மி.மீ., அதில் 38 போனால் 38.2. அதாவது ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளி ஓரம் அவ்வளவு தூரம் வெளியே நிற்கிறது. புதுச் சக்கரத்தில் ஏழு இன்ச்சில் பாதி 88.9, அதில் 30 போனால் 58.9. ரிம் ஓரம் 20.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் பார்த்தால் 114.2 இருந்தது 118.9 ஆகியிருக்கிறது, வெறும் 4.7 மி.மீ. அகலம் கூடியதில் பெரும்பகுதி வெளியேதான் போயிருக்கிறது. ஆஃப்செட் குறைந்த சக்கரம் வாங்கினால் இதுதான் நடக்கும். கடையில் "ஒரு இன்ச்தான் அகலம் அதிகம்" என்று சொல்வார்கள், ஆனால் அந்த ஒரு இன்ச் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்வது ஈ.டி. எண் மட்டும்தான்.

ரிம் கணக்கு மட்டும் போதாது, ஏனென்றால் தகட்டில் உரசுவது டயர். 185 டயர் 6 ஜே ரிம்மில் ஏறினால் பக்கவாட்டில் சுமார் 190 மி.மீ. நிற்கும், 205 டயர் 7 ஜே ரிம்மில் சுமார் 210. அரை இன்ச் ரிம் அகலத்துக்கு டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும் என்பது பொதுக் கணக்கு. இப்படிப் பார்த்தால் டயரின் வயிற்றுப்பகுதி 18 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை: பழைய 185/60 ஆர்15-இன் விட்டம் 603 மி.மீ., புதியது 611. ஆரத்தில் 4 மி.மீ. கூடுதல், ஸ்பீடோமீட்டரில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்.

ஸ்பிரிங் விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வண்டியை 35 மி.மீ. இறக்கியதால்தான் டயர் தகட்டுக்குள் போகிறது என்று நினைக்கிறார்கள். சக்கரம் மேலே போகிற கடைசி எல்லையைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்புக் கட்டை. ஸ்பிரிங் மாற்றினாலும் அந்த எல்லை மாறாது, அந்த எல்லைக்குப் போய்ச் சேர்வது மட்டும் சீக்கிரமாகிறது. முன்பு பெரிய பள்ளத்தில் எப்போதாவது தொட்ட இடத்தை இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் தொடுகிறது, அவ்வளவே. பம்ப் ஸ்டாப்பை வெட்டியிருந்தால் கதையே வேறு. இறக்கும் ஸ்பிரிங் மாட்டும்போது அதை வெட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதனால் முதலில் அதைத்தான் பார்த்தோம். இந்த வண்டியில் நல்லவேளையாக முழுசாக இருந்தது.

சரி, அளவு எடுத்த விதம். வண்டி தரையில் நிற்கும்போது உரசலை அளக்க முடியாது. பின் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப்பை அதன் இடத்திலேயே வைத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்து ஆர்முக்கு (சக்கரத்தைத் தாங்கும் கை) அடியில் ஜாக்கி கொடுத்து, பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை ஏற்றினோம். அதுதான் உண்மையான முழு அழுத்த நிலை. ஏற்றுவதற்கு முன் லிப் முழுக்கக் குழந்தைகள் விளையாடும் வண்ண மாவைத் திரியாக உருட்டி ஒட்டிவிட்டோம். டயர் ஏறி அமுக்கியதும் மாவு எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஆர்ச்சைக் கடிகார முகமாக நினைத்தால் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை தகடு இடிக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். இந்த வண்டியில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மாவு சுத்தமாக வழித்துப் போயிருந்தது, அதற்கு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறியது.

அப்புறம் தூக்கு நூல். கொத்தனார் வைத்திருக்கிற அதே தூக்குக்குண்டை ஆர்ச்சின் வெளி ஓரத்தில் உச்சியிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வயிற்றுக்கும் உள்ள தூரம் பார்த்தோம். பழைய சக்கரத்தை மாட்டிப் பார்த்தபோது டயர் 16 மி.மீ. உள்ளே இருந்தது, புதியதில் 2 மி.மீ. வெளியே. கணக்கில் வந்த 18 அப்படியே இங்கே வந்தது. பின் சக்கரத்தில் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் இருப்பதால் டயரின் தலை ஏற்கெனவே கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கிறது, 300 மி.மீ. உயரத்துக்கு அது கிட்டத்தட்ட 8 மி.மீ. அதனால்தான் அளவை ஹப் உயரத்தில் எடுக்காமல் ஆர்ச்சின் உச்சிக்கு நேராக எடுக்க வேண்டும். போலோவின் பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்), கேம்பரைத் திருகி மாற்றிக்கொள்ள வழி இல்லை. இருப்பதை வைத்துத்தான் வேலை.

பின் லிப் உள்பக்கமாக 12 மி.மீ. நீண்டிருந்தது. டயரின் தோள்பட்டை வயிற்றை விட 10 மி.மீ. போல உள்ளே இருக்கும். ஆக, தோள்பட்டை நூலிலிருந்து 8 மி.மீ. உள்ளே, லிப்போ 12 வரை வந்து நிற்கிறது. நான்கு மி.மீ. இடிப்பு, அந்த நான்குதான் டயரில் விழுந்த கோடு. லிப்பை மட்டும் மேலே மடக்கிவிட்டால் மடிந்த தகட்டின் கனம், இரண்டு அடுக்கும் சீலரும் சேர்த்து 3 மி.மீ. வரும், தோள்பட்டைக்கு 5 மி.மீ. இடம் கிடைக்கும். பாதிப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். இங்கே முடியவில்லை, ஏனென்றால் முழு அழுத்தத்தில் டயர் இன்னும் மேலே ஏறி அதன் வயிறே லிப் உயரத்துக்கு வந்துவிடுகிறது. வயிறு 2 மி.மீ. வெளியே, மடிப்பின் கனம் 3, ஓட்டத்தில் டயர் நெளிவதற்கு 3, மொத்தம் 8. அந்த எட்டு மி.மீ. தகட்டை வெளியே இழுத்தால்தான் கிடைக்கும்.

வண்டிக்காரத் தம்பிக்கு எட்டு பிடிக்கவில்லை. டயர் முழுக்க தகட்டுக்குள் மறைகிற மாதிரி பதினைந்தாவது வேண்டும் என்றார்.

"பாய், இன்னும் கொஞ்சம் சேர்த்து இழுத்துடுங்க, பாக்க நல்லா இருக்கும்."

எங்களோடு வேலை செய்யும் டிங்கர் பாய் தகட்டில் கை வைத்துத் தடவிப் பார்த்தபடியே சொன்னார்: "இழுக்கலாம் தம்பி, எனக்கு இன்னா. கதவோட கோடு போயிடும். அப்பறம் எத்தினி பட்டி வெச்சாலும் கண்ணு அங்கதான் போவும்."

அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. ஐந்து கதவு வண்டியில் பின் கதவின் ஓரம் ஆர்ச்சை ஒட்டி வருகிறது. ஆர்ச்சை நிறைய இழுத்தால் க்வாட்டர் பேனல் (பின் கதவுக்குப் பின்னால் உள்ள பக்கத் தகடு) மட்டும் துருத்திக்கொண்டு கதவு பள்ளத்தில் நிற்கும். அதோடு இழுத்த இடத்துக்கு மேலே தகடு உள்வாங்கிக் குழி விழும், அந்தக் குழியைப் பட்டி என்கிற நிரப்புப் பசை வைத்துத்தான் நிரப்ப வேண்டும், பட்டி கனமாக வைத்த இடம் அடுத்த அதிர்ச்சியில் வெடிக்கும். தேவைக்கு மேல் இழுக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் பட்டியில்தான் போய் முடிகிறது. எட்டு என்றால் எட்டு.

அடுத்தது பெயிண்ட் கனம். கேஜ் வைத்து நான்கு ஆர்ச்சையும் அளந்தோம். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். வலது பின்பக்கம் அந்த அளவுக்குள்தான். இடது முன் ஃபெண்டரில் 700-க்கு மேல் காட்டியது, அதாவது அடியில் பட்டி இருக்கிறது, எப்போதோ எங்கேயோ இடித்திருக்கிறார்கள். கேஜ் இல்லாத இடத்தில் காந்தம் வைத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், பட்டி உள்ள இடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும். பட்டி மேல் ரோலர் ஓட்டினால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் வெடிக்கத்தான் செய்யும், ஏனென்றால் பெயிண்ட் வளையும், பட்டி வளையாது. அதனால் இடது முன் ஃபெண்டரை முதலிலேயே பெயிண்ட் வேலை கணக்கில் சேர்த்துவிட்டோம்.

வலது பின்பக்கம், செய்த முறை

ரோலர் என்பது ஹப்பில் போல்ட் போட்டு மாட்டுகிற ஒரு கை. அதன் முனையில் கெட்டியான பாலியூரித்தேன் உருளை, சாய்வை மாற்ற ஒரு திருகு. போலோவுக்கு 5×100 துளை உள்ள தட்டு வேண்டும். சக்கரத்தைக் கழற்றித் தூக்கினால் ஹப் கீழே தொங்கும், அந்த நிலையிலேயே ரோலரை மாட்டினால் அது வரைகிற வட்டமும் ஆர்ச்சின் வட்டமும் ஒத்துப்போகாது, நடுவில் அழுத்தமாகவும் ஓரங்களில் தொடாமலும் போகும். அதனால் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து ஹப்பை அது ஓட்டத்தில் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்கினோம். பம்பரின் முனை ஆர்ச்சில் வந்து சேரும் இடத்தில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, லைனரை (ஆர்ச்சின் உள்பக்கத்து மறைப்பு) விலக்கி, லிப்பில் ஒட்டியிருந்த மண்ணையும் தாரையும் பிரஷ் போட்டுக் கழுவினோம். லிப்பில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் உருளை அதன் மேல் ஏறும்போது வெளியே புள்ளியாகத் தெரியும்.

சூடு. மே மாதம், வேலூர் வெயில், கருநீல வண்டி, வெளியே நிறுத்தினால் தகட்டில் கை வைக்க முடியாது. வெயிலிலேயே வைத்து உருட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாய் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார், ஒரு பாதியில் வெயிலும் மறு பாதியில் நிழலுமாகச் சூடு சமமாக இருக்காது. பட்டறைக்குள் கொண்டுவந்து ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, லிப்பையும் அதற்கு மேல் ஒரு சாண் அகலத் தகட்டையும் சூடாக்கினோம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 60-லிருந்து 70 டிகிரி, அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். குறைந்தால் பெயிண்ட் விறைத்து மடிப்பில் வெடிக்கும், ரொம்ப ஏறினால் கிளியர் கோட் மங்கிக் கொப்புளம் வரும்.

தகட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் மெதுவாகச் செய்ய வேண்டும் என்பது புரியும். ஆர்ச்சின் ஆரம் சுமார் 330 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லிப்பின் ஓரம் இப்போது அதே ஆரத்தில்தான் உள்பக்கமாக நீண்டு நிற்கிறது. அதை மேலே மடக்கினால் அந்த ஓரம் 342 மி.மீ. ஆரத்துக்குப் போக வேண்டும். வட்டம் பெரிதாகிறது, ஆகவே ஓரத்தின் நீளம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் நீண்டாக வேண்டும். மெல்லிய இரும்புத் தகட்டுக்கு இது பெரிய விஷயமே இல்லை, ஆனால் அது சுற்றிலும் சமமாக நீண்டால்தான். ஒரே இடத்தில் குழாயைச் செருகி நசுக்கினால் அந்த இடம் மட்டும் அளவுக்கு மேல் நீள்கிறது, பக்கத்து இடம் நீளாமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் தகடு நெளிந்து வெளியே புடைக்கிறது. இடதுபக்கம் பார்த்த மூன்று புடைப்பும் அப்படி வந்தவைதான். பின்பக்கம் லிப் என்பது வெளித்தகடும் உள் வீல்ஹவுஸ் தகடும் ஸ்பாட் வெல்டில் சேர்ந்த இரட்டை அடுக்கு. அவசரப்பட்டால் இரண்டும் வெல்டுக்கு வெல்டு விலகும்.

அதனால் ரோலரை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை முழுசாக ஓட்டி, திருகைக் கால் சுற்று ஏற்றி, மறுபடி சூடு, மறுபடி ஓட்டம். முதலில் லிப் 45 டிகிரிக்கு வந்ததும் ஆற விட்டு, வெளிப்பக்கத்தைப் பார்த்தோம். பார்ப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு: பட்டறையின் டியூப் லைட் தகட்டில் விழும் கோடு. தகடு சரியாக இருந்தால் அந்தக் கோடு ஆர்ச்சின் வளைவோடு சேர்ந்து ஒரே சீராக வளையும், எங்கே நெளிவு விழுகிறதோ அங்கே கோடு உடைந்து ஆடும். பாய் குந்தி உட்கார்ந்து தலையை மட்டும் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி அந்தக் கோட்டைத் தகடு முழுக்க ஓட்டிப் பார்த்தார். பதினோரு மணி இடத்தில் லேசாக ஒரு உடைவு தெரிந்தது, அங்கே ஒரு ஸ்பாட் வெல்டு. அடுத்த ஓட்டத்தில் அந்த இடத்துக்குக் கூடுதல் சூடு கொடுத்து மெதுவாகப் போனதில் கோடு சேர்ந்துவிட்டது. லிப் முழுசாகப் படிந்த பிறகு மடிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், வெளிப் பெயிண்டில் வெடிப்பு இல்லை.

இழுப்பது இதற்குப் பிறகு. உருளையின் சாய்வை மாற்றி, மடிந்த லிப்பின் உள்பக்கத்தில் வைத்து வெளிநோக்கி அழுத்தி, அதே போல ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ.தான் கேட்க வேண்டும். தகடு சூடாக இருக்கும்போது வந்த அளவு ஆறியதும் கொஞ்சம் உள்ளே திரும்பும், அதனால் அளவை எப்போதும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். பத்திலிருந்து இரண்டு மணி வரை 8 மி.மீ., அங்கிருந்து இரு பக்கமும் படிப்படியாகக் குறைந்து கதவுப் பக்கம் ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி இழுத்தோம். உச்சியில் மட்டும் இழுத்துவிட்டு நிறுத்தினால் காது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியில் பம்பர் முனையைத் திரும்ப மாட்டும்போது அதன் ஸ்க்ரூ துளை 3 மி.மீ. விலகியிருந்தது. அதைக் கட்டாயப்படுத்தி இழுத்து மாட்டினால் பம்பரே தகட்டை உள்ளே இழுக்கும், துளையை நீள்வட்டமாக்கி மாட்டினோம்.

வலதுபக்கத்தில் ஒரு சொட்டு பெயிண்ட் தேவைப்படவில்லை. உள்பக்கம் மட்டும் மடிப்பில் இருந்த பழைய சீலர் உடைந்ததைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, புது சீம் சீலர் வைத்து, மேலே அண்டர்பாடி கோட்டிங் கொடுத்தோம். போலோவின் தகடு கால்வனைஸ் செய்தது, மடிப்பில் துத்தநாகப் பூச்சில் நுண்ணிய கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் கொஞ்ச காலம் காப்பாற்றும். அதை நம்பி சீலரை விட்டுவிடக் கூடாது. டயர் சுற்றும்போது சேற்றுத் தண்ணீர் நேராக வீசி அடிக்கிற இடம் அது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு தடவை உள்ளே போன ஈரம் இரண்டு அடுக்குக்கு நடுவில் காயவே காயாது.

இடது பின்பக்கம்

இது ஏறக்குறைய டிங்கரிங் வேலைதான். பெயிண்டை உலோகம் வரை எடுத்துப் பார்த்தபோது புடைப்பு உள்ள மூன்று இடத்திலும் தகடு நீண்டு தளர்ந்திருந்தது, விரலால் அமுக்கினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வந்தது. இப்படி நீண்ட தகட்டை அடித்து அடக்க முடியாது, அடித்தால் இன்னும் நீளும். சிறு புள்ளியாகச் சூடேற்றி, டாலி (பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை) கொடுத்து மெல்லத் தட்டி, ஈரத் துணியால் குளிர்வித்துச் சுருக்க வேண்டும். பாய் அதைச் செய்த பொறுமையைப் பார்த்தவர்கள் குழாய் வைத்து நசுக்குகிற இடத்துக்கு இனி வண்டியைக் கொண்டுபோக மாட்டார்கள். துருப் பிடித்த இரண்டு ஸ்பாட் வெல்டைத் துளையிட்டுப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்ப வெல்டு வைத்தார். அதன் பிறகே ரோலர், அதன் பிறகே 8 மி.மீ. இழுப்பு, மெல்லிய பட்டி, பிரைமர், கலர், கிளியர் கோட். நிறம் தனியாகத் தெரியாமல் இருக்கப் பின் கதவு வரை கலரைக் கலந்து அடிக்க வேண்டியிருந்தது. வலதுபக்கத்துக்கு ஆன செலவைப் போலப் பல மடங்கு இந்தப் பக்கத்துக்கு ஆயிற்று, நேரமும் அப்படித்தான்.

முன்பக்கம் சுருக்கமாக. முன் ஃபெண்டர் ஒற்றைத் தகடு, போல்ட்டில் நிற்பது, கெட்டாலும் மாற்றிவிடலாம். லிப்பும் சின்னது. அங்கே உரசல் லிப்பில் அதிகம் இல்லை, ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி ஒரு சக்கரம் பள்ளத்தில் ஏறும்போது லைனரின் முன்மூலையில்தான் டயர் தொட்டது. லிப்பை மட்டும் மடக்கி, இழுக்காமல் விட்டு, லைனரைச் சூடாக்கி டயரை விட்டு விலகும்படி அழுத்திப் படிய வைத்தோம். பட்டி இருந்த இடது முன் ஃபெண்டரைக் கழற்றிக் கீழே வைத்து, பட்டியை எடுத்து, உருட்டி, பெயிண்ட் அடித்து மாட்டினோம்.

சோதனை

லிப் முழுக்கச் சாக்பீஸ் தடவி, நான்கு பெரியவர்களோடு முதலில் அதே கே.வி.குப்பம் சாலை, அப்புறம் ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் எடை முழுக்க வெளிப்பக்கப் பின் சக்கரத்தில் இறங்கும், சாலை ஓரத்துப் பள்ளம் வேறு. இறங்கி வந்து பார்த்தபோது பின்பக்கம் இரண்டிலும் சாக்பீஸ் அப்படியே இருந்தது. இடது முன் லைனரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பு, அதைக் கத்தியால் சீவிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, அங்கே டயருக்கும் தகட்டுக்கும் விரல் நுழையாத இடைவெளி இருக்கிறதே என்று வருகிறவர்கள் நிறைய. அந்த வண்டிகளின் ஸ்பிரிங் கல் மாதிரி இறுகியது, சக்கரம் மேலே போகிற தூரமே குறைவு, டிராக்கில் வேகத்தடை கிடையாது, பின் சீட்டில் ஆள் கிடையாது. நம் ஊர்ச் சாலை வண்டிக்கு அந்த இடைவெளியை அளவாக வைக்கவே முடியாது.

தகடு சரியானாலும் ஆஃப்செட்டின் பாதிப்பு அப்படியேதான் இருக்கிறது. சக்கரத்தின் நடுக்கோடு பக்கத்துக்கு 8 மி.மீ. வெளியே போயிருக்கிறது. முன்பக்கம் ஸ்க்ரப் ரேடியஸ் (சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் தரையில் உள்ள தூரம்) மாறுவதால் பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை உதறும், வீல் பேரிங்கில் நெம்புகோல் அழுத்தம் கூடும். அலாய்க்கு நடுத் துளை 73.1, போலோவின் ஹப் 57.1, நடுவில் அந்த இடைவெளியை நிரப்பும் சென்டரிங் ரிங் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரிங் போட்டு, போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினோம்.

சட்டப் பக்கத்தையும் தம்பியிடம் வெளிப்படையாகவே சொன்னோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தகட்டுக்கு வெளியே துருத்தும் டயர் போலீஸ் கண்ணில் முதலில் படும், பின்னால் வருகிற பைக்காரர் முகத்தில் கல்லும் சேறும் அடிக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

இதே தம்பி ஈ.டி. 38-இல் 7 ஜே வாங்கியிருந்தால் ரிம் 12.7 மி.மீ. மட்டுமே வெளியே வந்திருக்கும், டயரின் வயிறு 10. தூக்கு நூலிலிருந்து 6 மி.மீ. உள்ளே நின்றிருக்கும், மடிப்பின் 3 போக இன்னும் 3 மிச்சம். லிப்பை மடக்கினாலே போதும், இழுப்பே வேண்டியதில்லை. உள்பக்கம் 10 மி.மீ. நெருங்குவதால் ஷாக் அப்சார்பர் பக்கத்து இடத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். சக்கரம் வாங்கும் முன் பழைய சக்கரத்தோடு தூக்கு நூல் விட்டு அளந்து, அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு வண்டி திரும்ப வந்தது. லைனரைக் கழற்றிப் பார்த்தோம். வலதுபக்கம் சீலர் முழுசாக இருந்தது. இடதுபக்கம் பழைய துரு இருந்த வெல்டுக்குப் பக்கத்தில் கோட்டிங் அடியில் ஒரு சின்னக் கொப்புளம். சுரண்டிப் பார்த்தால் துரு மறுபடி தொடங்கியிருந்தது, சுத்தம் செய்து பிரைமரும் சீலரும் வைத்தோம், அடுத்த மழைக்குப் பிறகும் அந்த இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். டயரில் புதுக் கோடு எதுவும் இல்லை. வெட்டு விழுந்திருந்த அந்தப் பழைய இடது டயரை மட்டும் முதல் நாளே கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம். தோள்பட்டையில் நகம் இறங்கும் வெட்டு உள்ள டயரை ஸ்டெப்னியாகக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே அறுத்துப் போட்டோம்.